ஊதப்படாத விசில்

2004ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், வால்ட்டர் ஹெஸ்கெத் என்ற ஆங்கிலேயக் கால்பந்து அணித்தலைவரின் விளையாட்டு வாழ்க்கை, ஜெர்மனியின் கொலோன் நகரில் பென்ஜமினின் உடலில் மறுபடியும் தொடங்கியது. ஹெஸ்கெத் இறந்து எண்பத்தெட்டு வருடங்கள் ஆகியிருந்தன. பென்ஜமின் மன்னாரிலிருந்து அகதியாக வந்தவர், வெதுப்பகத்தில் மாப்பிசையும் வேலை, வயது நாற்பத்துநான்கு. தமிழ் விளையாட்டுக் கழகத்தின் ஆட்டத்தைப் பார்க்கப் போனவர், கோட்டுக்கு வெளியே உருண்டு வந்த பந்தை முப்பது மீற்றர் தூரத்திலிருந்து வலைக்குள் அடித்தார். அடுத்த ஞாயிறு அவரை அணியில் சேர்த்தார்கள். பட்டியலில் அவர் கை ‘வால்ட்டர் ஹெஸ்கெத்’ என்று கையெழுத்திட்டது.

ஹெஸ்கெத்தின் ஒரு வருடம் பென்ஜமினுக்கு ஒரு மாதமாகக் கழிந்தது. மே மாதம் யாரும் இடிக்காமலே அவருடைய தோள் எலும்பு முறிந்தது. ஜூலையில் முன்பல் ஒன்று விழுந்தது. ஓகஸ்டில் கழகம் அவரைத் தலைவராக்கியது. பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த மகள் நிலக்சி பழைய ஆங்கிலப் பத்திரிகைகளைத் தேடியெடுத்து, எலும்பு, பல், தலைமை எல்லாம் அதே ஒழுங்கில் இருப்பதைக் கண்டாள். முடிவையும் வாசித்தாள். 1915இல் போருக்காக ஆட்டங்கள் நிறுத்தப்பட்டபோது, கடைசி விசில் ஊதியதும் ஹெஸ்கெத் மைதானத்திலிருந்தே படைக்குப் போனார். மறுவருடம் பிரான்சில் ஒரு ஜெர்மன் குண்டு அவருடைய கழுத்தில் பாய்ந்தது.

“ஒரு சண்டைக்குத் தப்பி இஞ்ச வந்தனான். இப்ப இன்னொண்டு என்ர காலுக்குள்ளால வருது” என்றார் பென்ஜமின்.

ஒரு ஞாயிறு விளையாடப் போகாமல் கட்டிலில் படுத்துப் பார்த்தார். கால்கள் தாமாகவே தொண்ணூறு நிமிடம் ஓடி, குதிகாலில் தோல் உரிந்தது. ஜனவரியில் அவருடைய விரலிடுக்குகளில் வெடிமருந்து மணக்கும் சேறு வரத் தொடங்கியது. மனைவி றீற்றா ஒவ்வொரு காலையும் அதைக் கழுவினாள்.

பெப்ரவரி ஹெஸ்கெத்தின் 1915. அந்த மாதத்தின் கடைசி ஆட்டத்துக்கு முன், றீற்றா நடுவர் குணசேகரத்திடம் போனாள்.

“அண்ணை, கடைசி விசிலை ஊதாதேங்கோ. ஆட்டம் முடியாட்டி அவர் போகேலாது.”

“எவ்வளவு நேரத்துக்குப் பிள்ளை?”

“தெரியாது. ஊதாதேங்கோ.”

குணசேகரம் ஊதவில்லை. இருட்டியதும் கையை மட்டும் உயர்த்தினார். பந்து நின்ற இடத்தில் ஒரு முளை அடித்துவிட்டு, அடுத்த ஞாயிறு அங்கிருந்தே தொடர்ந்தார்கள். ஒருமுறை பக்கத்து மைதானத்தில் யாரோ விசில் ஊத, பென்ஜமினின் சட்டை காக்கிக் கம்பளியாகத் தடித்தது. தோளில் துப்பாக்கி வாரின் தழும்பு எழுந்தது. அவர் மைதான வாசலை நோக்கி அடியெடுத்து வைத்தார். றீற்றா கோட்டைத் தாண்டி ஓடி அவருடைய இடுப்பைக் கட்டிப்பிடித்தாள்.

“அது எங்கட விசில் இல்லையப்பா. பந்தைப் பாருங்கோ.”

அவர் பந்தைப் பார்த்தார். சட்டை பழையபடி மெலிந்தது.

அதற்குப்பின் பக்கத்து மைதானத்தாரும் விசிலை விட்டுக் கொடி அசைத்தார்கள். எதிரணியில் ஆட்கள் மாறினார்கள். சிலர் கலியாணம் முடித்துக் கனடா போனார்கள். 2008இல் கோல் கணக்கு 611க்கு 598. அந்த வருடம் மைதானத்துக்குப் பொறுப்பான அலுவலகம் புதிய விண்ணப்பம் கேட்டது. றீற்றா எழுதிக்கொண்டு போனாள். ஆட்டம் முடியும் நேரம் என்ற கட்டம் வெறுமையாக இருந்தது. அலுவலகப் பெண் காரணம் கேட்டாள், றீற்றா சொன்னாள். அந்தப் பெண் கட்டத்தில் ஒரு கோடு இழுத்து முத்திரை குத்தினாள்.