கதவருகே நான்கு நிமிடம்

படத்தில் பேயின் முகம் தெரிவது ஐம்பத்திரண்டாவது நிமிடத்தில். ஸ்டூடியோ கேட்டதோ பத்து நிமிடத்துக்குள்.

"இது என்னம்மா பேய்ப்படம்? புருஷன் பாத்திரம் கழுவுறான், பொண்டாட்டி செருப்பு தேடுறா. இதுலயே நாலு நிமிஷம் போயிடுது" என்றார் நிர்வாகி.

"கடைசியில அவ 'போயிட்டு வரேன்'னு சொல்லிட்டுக் கிளம்புறா சார். படமே அதுதான்" என்றாள் இயக்குநர்.

அப்படிச் சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பிய மனைவி வழியில் விபத்தில் இறந்துபோகிறாள். ஆனால் வருவதாகச் சொல்லியிருக்கிறாள் அல்லவா? மறுநாளிலிருந்து மாலை ஆறு பத்துக்குக் கதவில் சாவி திரும்புகிறது. கணவன் முதலில் நடுங்குகிறான். பிறகு அவளுக்கும் சேர்த்துச் சமைக்கிறான். கடைசியில் கதவில் தலையைச் சாய்த்து, "ஒரே ஒரு தடவை போறேன்னு சொல்லிட்டுப் போ" என்று கெஞ்சுகிறான்.

நாற்பத்து மூன்று வயதில் இது அவளுடைய முதல் படம். ஒப்பந்தப்படி கடைசி வார்த்தை ஸ்டூடியோவுடையது. ஒரு மாதம் விடாமல் சண்டை போட்டு அவள் பெற்றது ஒரே ஒரு வாய்ப்பு: ஸ்டூடியோ கேட்டபடி ஒன்று, அவள் எடுத்தபடி ஒன்று, இரண்டையும் ஊழியர்களுக்குப் போட்டுக் காட்டுவது. எதற்கு அதிக அலறலோ அது வெளியாகும். அலறலை எண்ண நிர்வாகியிடம் ஒரு கவுண்டர் உண்டு. கட்டைவிரலால் அமுக்கினால் 'கிளிக்' என்று எண் கூடும்.

ஸ்டூடியோ வடிவத்தைத் தயாரிக்கும் வேலை அவளுடைய படத்தொகுப்பாளர் தலையிலேயே விழுந்தது. எல்லோரும் அவரைக் 'கத்திரி' என்றுதான் கூப்பிடுவார்கள். நான்கு நிமிடத்தை அவர் நாற்பது விநாடியாக நறுக்கியதில் வசனத்துக்கு இடம் போதவில்லை. டப்பிங்கில் 'போறேன்' என்று சுருக்கிவிட்டார்.

"வாய் பொருந்தலக்கா. அதான் சின்னதா…"

"நீ வெட்டினது வசனத்தை இல்ல கத்திரி, பேயை. முதல்லயே போறேன்னு சொல்லிட்டா, அப்புறம் அவ எதுக்கு வரணும்?"

கத்திரி நாக்கைக் கடித்துக்கொண்டார். "யாருக்கும் தெரியாம மாத்திடட்டுமா?"

"வேண்டாம். அவங்க கேட்டதை அவங்க பாக்கட்டும்."

திங்கள் காலை ஸ்டூடியோ வடிவம் ஓடியது. பத்தொன்பது பேர், பதினான்கு அலறல். ஒருவர் தோளை ஒருவர் தட்டிச் சிரித்தபடி எல்லோரும் சாப்பிடப் போனார்கள்.

மதியம் அவள் படம் ஓடியது. யாரும் கத்தவில்லை. நடுவில் கணக்காளர் தும்மியதற்கு ஒரு கிளிக் விழுந்தது. படம் முடிந்து விளக்கு வந்ததும் நிர்வாகி கவுண்டரைத் திருகிப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தார்.

"தும்மலைக் கழிச்சாச்சு. பதினாலுக்குப் பூஜ்யம். இனிமே பேச என்ன இருக்கு?"

அவள் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கூட உட்கார்ந்து படம் பார்த்த கேன்டீன் அக்கா டம்ளர்களைத் தட்டில் அடுக்கிக்கொண்டு கதவருகே போனாள். தினமும் சொல்வதுபோல, "வரட்டுமா சார், போயிட்டு வ…" என்றவள் சட்டென்று நின்றாள்.

"என்னக்கா, வழி விடுங்க" என்றார் பின்னால் வந்த ஓட்டுநர்.

"எப்படிப்பா சொல்லிட்டுப் போறது? வரேன்னாலும் பயமா இருக்கு, போறேன்னு சொல்லவும் வாய் வரல. எங்க, நீ ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போ பாப்போம்."

ஓட்டுநர் வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். அவருக்குப் பின்னால் கணக்காளர், அவருக்குப் பின்னால் மற்றவர்கள். கதவு திறந்தேதான் இருந்தது. பத்தொன்பது பேரில் ஒருவரும் வெளியே போகவில்லை.

"இதுக்கு எத்தனை கிளிக் சார்?" என்றாள் இயக்குநர்.

நிர்வாகி கவுண்டரைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். கடைசியில் கேன்டீன் அக்கா ஒன்றுமே சொல்லாமல் பக்கவாட்டில் நகர்ந்து வெளியேற, மற்றவர்களும் அப்படியே கரைந்தார்கள்.

"சரி, நாலு நிமிஷம் இருக்கட்டும். ஆனா தலைப்பு நான் வைப்பேன்" என்றார் நிர்வாகி. "ரத்த வாசல்."

படத்தில் ஒரு சொட்டு ரத்தம் கிடையாது. கத்திரி தலையில் கைவைத்துக்கொண்டார். மூன்று வருடமாக அவள் மனதுக்குள் அந்தப் படத்துக்கு வேறு பெயர் இருந்தது.

"போஸ்டர்ல என்ன வேணா எழுதிக்கோங்க. படத்துக்குள்ள ஒரு ஃப்ரேம்ல கூட யாரும் கை வைக்கக் கூடாது. எழுதிக் குடுங்க."

"வாய் வார்த்தை போதாதாம்மா?"

"ஒரு வார்த்தையைச் சுருக்கினதுக்கே இவ்வளவு பாடு சார். எழுதிக் குடுங்க."

எழுதிக் கையெழுத்துப் போட்டார். தாளை இரண்டு முறை படித்துப் பார்த்து, மடித்துப் பைக்குள் வைத்தாள். நாளை ஒலிச்சேர்க்கை. அங்கே எவராவது சாவிச் சத்தத்துக்கு மேல் இடிச் சத்தத்தை ஏற்றிவிடுவார் என்பது அவளுக்குத் தெரியும்.

"காலைல ஒன்பது மணிக்கு இங்க இருப்பேன்" என்றவள் கதவருகே திரும்பி, ஒவ்வொரு எழுத்தையும் நிறுத்திச் சொன்னாள். "போயிட்டு வரேன் சார்."

"போயிட்டு வா…" என்று வழக்கம்போலத் தொடங்கிய நிர்வாகி பாதியிலேயே நிறுத்தினார். அவர் கையில் கவுண்டர் 'கிளிக்' என்றது.