மச்சான்மார் வண்டி

விவாகரத்து முடிந்தபோது வீட்டுச் சாமான்கள் சண்டையில்லாமல் பிரிந்தன. ஃப்ரிட்ஜ் அவளுக்கு, வாஷிங் மெஷின் அவனுக்கு, சோபா அதைத் தூக்கிக்கொண்டு போக முடிந்தவர்களுக்கு. பின்பக்க ஷெட்டில், அட்டைப்பெட்டிகளிலும் ஒரு பழைய போர்வையின் மேலும் பாகம் பாகமாகப் பரப்பிக் கிடந்த மோட்டார் சைக்கிளை மட்டும் யாரும் கணக்கில் சேர்க்கவில்லை. அது அவனும் அவள் தம்பியும் கூட்டாக வாங்கியது.

அவன் ஒரு கண்ணாடிக் கடையின் உள்ளறையில் லென்ஸ் வெட்டிச் சட்டத்தில் பொருத்துபவன். அவள் சர்வேயர். தம்பி ஒரு பேக்கரியின் ரொட்டி வேனை ஓட்டினான். வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிற உடம்பு; ஆனாலும் எல்லோருக்கும் அவன் குட்டிதான். பிறந்தபோது வைத்த செல்லப்பெயர், ஆள் வளர்ந்ததைக் கண்டுகொள்ளவில்லை.

கல்யாணம் முறிந்ததற்குப் பெரிய காரணம் சொல்ல முடியாது. அடிதடி இல்லை, மூன்றாம் ஆள் இல்லை. இரண்டு பேரும் ஒரே வீட்டுக்குள் ஒருவரை ஒருவர் இடிக்காமல் சுற்றிப்போகப் பழகிவிட்டார்கள், அவ்வளவுதான். "உங்ககிட்ட பேசறது, சாத்தின கடையோட ஷட்டரைத் தட்டற மாதிரி இருக்கு" என்று ஒருநாள் அவள் சொன்னாள். அவன் அதற்கும் பதில் சொல்லவில்லை. அவள் தம்பியின் குடியிருப்புக்குப் போய்விட்டாள்.

சில மாதங்கள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை குட்டி வேனோடு வந்து நின்றான்.

"என்னோட பாதியை எடுத்துட்டுப் போக வந்தேன், மச்சான்."

"எந்தப் பாதிடா?"

குட்டி ஷெட்டை எட்டிப் பார்த்தான். "முன்பாதி குடுங்க. ஹேண்டில் இருந்தா போதும், எங்கயாவது போன மாதிரியாவது இருக்கும்."

அவன் சிரித்துவிட்டான். அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது. குட்டி எதையும் எடுத்துக்கொண்டு போகவில்லை. மறு ஞாயிறும் வந்தான். இந்தமுறை ஸ்பானர் பெட்டியோடு.

காடு மேடு சுற்றுவதற்கென்றே செய்த பழைய டூ-ஸ்ட்ரோக் வண்டி அது. இருவருக்கும் தொழில் தெரியாது, ஆசைதான். என்ஜினைப் பிரித்ததும் பிஸ்டனில் நீளநீளமாகக் கீறல்கள் தெரிந்தன. பழைய சொந்தக்காரர் எண்ணெய் கலக்காத பெட்ரோலிலேயே ஓட்டியிருக்க வேண்டும். சிலிண்டரை லேத் பட்டறைக்கு அனுப்பிப் பெரிதாக்கி, அதற்கேற்ற புது பிஸ்டன் போட்டார்கள். கிராங்கின் பேரிங்கையும் ஆயில் சீலையும் மாற்றினார்கள். கார்புரேட்டருக்குள் குளவி கூடு கட்டியிருந்தது.

தகராறு வந்தது பிரேக்கில். குட்டிக்கு எல்லாம் பழையபடியே, கம்பெனியிலிருந்து வந்ததுபோல இருக்க வேண்டும்.

"ஒரிஜினல்னா ஒரிஜினல்தான் மச்சான். அதுக்குன்னு ஒரு மரியாதை இருக்கு."

"மரியாதை இருக்கட்டும். வண்டி நிக்கணும்ல?"

கடைசியில், அடிபட்டுக் காயலான் கடைக்கு வந்திருந்த புது மாடல் ஒன்றின் முன்பக்க ஃபோர்க்கையும் டிஸ்க் பிரேக்கையும் வாங்கி வந்தார்கள். ஹேண்டில் திரும்பும் கழுத்தில் அளவு சேரவில்லை. இடையில் போட ஒரு வளையம் கடைந்து வாங்கிச் சேர்த்தார்கள். குட்டி ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டு, பெட்ரோல் டேங்குக்கு மட்டும் பழைய மஞ்சள் நிறத்தையே அடிக்கச் சொல்லிச் சமாதானமானான்.

இதெல்லாம் நடந்துகொண்டிருந்தபோது அவள் பெயரை இருவருமே எடுக்கவில்லை. அதோடு, அங்கே வந்துபோவதைக் குட்டி அக்காவிடம் சொல்லவும் இல்லை. நீச்சல் கற்றுக்கொள்ளப் போவதாகச் சொல்லி வைத்திருந்தான். கிளம்பும் முன் ஷெட் குழாயடியில் தலையை நனைத்துக்கொண்டு போவான்.

அடுத்த மாற்றம் மின்பொறிக்கு. பழைய பிளாட்டினம் பாயிண்டைக் கழற்றிவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் வைத்தார்கள். அதன் தட்டில் இரண்டு கோடுகள் செதுக்கியிருந்தன, ஒன்று நீளம், ஒன்று குட்டை. எந்தக் கோட்டை என்ஜினில் உள்ள குறியோடு சேர்க்கிறோமோ அதைப் பொறுத்துத்தான் பொறி விழும் நேரம். பிஸ்டன் உச்சிக்கு வருவதற்குக் கொஞ்சம் முன்னால் விழ வேண்டும். ரொம்ப முன்னால் விழுந்துவிட்டால் என்ஜின் எதிர்ப்பக்கமாகத் திரும்பி உதைக்கும்.

"கேஜ் வாங்கி அளந்துடலாமே மச்சான்" என்றான் குட்டி.

"எதுக்கு? கோடு போட்டவனுக்குத் தெரியாததா நமக்குத் தெரியப்போகுது? நீளமானதுதான் மெயின் கோடு." சொல்லிவிட்டு அவன் திருகை இறுக்கினான். கடையில் மில்லிமீட்டரின் பத்தில் ஒரு பங்கைக்கூட விடாமல் அளப்பவன்.

பெட்ரோலில் எண்ணெய் கலந்து ஊற்றினார்கள். குட்டி ஏறி உட்கார்ந்தான். பூட்ஸ் வேனில் இருந்தது. காலில் ரப்பர் செருப்பு. முதல் உதைக்கு ஒன்றும் இல்லை. இரண்டாவதுக்கு ஒரு தும்மல். மூன்றாவது முறை முழு பலத்தையும் போட்டு மிதித்தான். என்ஜின் பலமாக எதிர்த்துத் திரும்பியது. கிக்கர் எகிறி மேலே வந்தது. குட்டி சத்தமே போடாமல் வண்டியோடு ஒரு பக்கமாகச் சாய்ந்தான். அந்த அமைதிதான் அவனைப் பயமுறுத்தியது.

ரொட்டி வேனை அவன் அதற்கு முன் ஓட்டியதில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியெல்லாம் பின்னால் காலித் தட்டுகள் கடகடவென்று ஆடின. "கியர்... கியரை மாத்துங்க மச்சான், வேன் செத்துரும்" என்று குட்டி பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லிக்கொண்டே வந்தான்.

வரவேற்பில் இருந்த பெண் கேட்டாள். "பேஷண்டுக்கு நீங்க என்ன வேணும்?"

"மச்சான்."

"அக்கா புருஷனா?"

அவன் ஒரு கணம் யோசித்தான். பின்னால் நிறைய பேர் நின்றார்கள். "அப்படித்தான்" என்றான்.

கணுக்காலில் எலும்பு முறிவு. மாவுக்கட்டு போட வேண்டும், வீட்டில் யாராவது வர வேண்டும் என்றார் டாக்டர். குட்டி அவனுடைய சட்டையைப் பிடித்தான். "அக்காகிட்ட நீங்களே சொல்லிருங்க. நான் மயக்கமா இருக்கேன்னு வச்சுக்கங்க."

எண் இன்னும் அவனுக்கு மனப்பாடமாக இருந்தது. அவள் எடுத்ததும், "நான்தான் பேசறேன். குட்டிக்குக் கால்ல அடி. பயப்பட ஒண்ணுமில்ல. நீங்க கொஞ்சம் வர முடியுமா?" என்றான். பத்து வருஷம் நீ என்று பேசிய வாயில் எப்படி நீங்க என்று வந்தது என்று அவனுக்கே தெரியவில்லை.

"நீச்சல் குளத்துலயா அடி?" என்றாள் அவள்.

அரை மணி நேரத்தில் வந்தாள். தலைமுடியை வெட்டியிருந்தாள். நேராகத் தம்பியிடம் போய், மயக்கத்தில் இருந்தவனின் காதைப் பிடித்துத் திருகினாள். அவன் உடனே கண்ணைத் திறந்தான்.

"ஒரு வருஷமா நீச்சல் கத்துக்கறான். வந்தா பெட்ரோல் வாடை. குளத்துல தண்ணிக்குப் பதிலா பெட்ரோல் ஊத்தி வச்சிருக்காங்களோன்னு நெனச்சேன்."

"நீ கோவிச்சுக்குவன்னுதான்கா..."

"டைவர்ஸ் எனக்கும் அவருக்கும்டா. உனக்கு யாரு குடுத்தா?"

குட்டி மச்சானைப் பார்த்தான். அவன் குறுக்கே வந்து, "தப்பு என்னோடது. டைமிங்கை அளக்காம வச்சேன். குட்டி சொன்னான், நான்தான் கேக்கல" என்றான்.

அவள் திரும்பி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "இந்த வார்த்தை உங்க வாயில வர்றதுக்கு என் தம்பி காலு உடையணும்னு அப்பவே தெரிஞ்சிருந்தா, நானே உடைச்சிருப்பேன்" என்றாள். பக்கத்துக் கட்டிலில் கிடந்த பெரியவர் சிரித்து, இருமி, மறுபடி சிரித்தார்.

குட்டியால் வேன் ஓட்ட முடியாது. வீட்டில் சும்மா கிடக்கவும் முடியாது. ஞாயிறு வந்தால் படுத்தி எடுத்தான். அவளே காரில் கொண்டுவந்து விட ஆரம்பித்தாள். முதல் இரண்டு வாரம் தெருவிலேயே, காருக்குள் உட்கார்ந்திருந்தாள். மூன்றாம் வாரம் வெயில் தாங்காமல் உள்ளே வந்து டீ போட்டாள். சர்க்கரை டப்பா இருந்த இடத்தில் திருப்புளிகள் இருந்தன.

"சர்க்கரை எங்க?"

"விட்டுட்டேன்" என்றான் அவன். அவள் தனக்கும் தம்பிக்கும் சர்க்கரை இல்லாத டீயையே ஊற்றி எடுத்துக்கொண்டு ஷெட்டுக்கு வந்தாள்.

இந்தமுறை அளக்கும் கேஜை அவன் வாங்கிவிட்டிருந்தான். பிளக் துளை வழியாக அதன் ஊசியை இறக்கிப் பிஸ்டனின் உயரத்தைப் பார்க்க வேண்டும். ஒருவர் ஃப்ளைவீலைத் திருப்ப வேண்டும், ஒருவர் கேஜைப் பார்த்துச் சொல்ல வேண்டும். குட்டி கட்டுக்காலை ஒரு ஸ்டூலில் நீட்டிக்கொண்டு மேற்பார்வை பார்த்தான். அவனால் குனிய முடியாது.

"குடுங்க, நான் பாக்கறேன்" என்றாள் அவள். நாளெல்லாம் கருவிக்குள் கண்ணை வைத்து நிலத்தை அளப்பவளுக்கு இது ஒரு வேலையே இல்லை. முட்டி போட்டு உட்கார்ந்து, அவன் திருப்பத் திருப்ப முள் நிற்கும் இடத்தைச் சொன்னாள். குட்டைக் கோடுதான் சரியானது. நீளக் கோடு வேறு மாடலுக்கானது.

"அடுத்த ஞாயிறு செயின் வந்துரும்" என்றான் அவன், தட்டைத் தளர்த்திக்கொண்டே. "அதையும் மாட்டிட்டா முடிஞ்சுது."

"அடுத்த ஞாயிறு என்னால கொண்டுவந்து விட முடியாது. அவங்க வீட்டுக்குப் போறேன்."

"யாரு வீட்டுக்கு?"

அவள் தம்பியைப் பார்த்தாள். "நீ சொல்லலையா?"

குட்டி தன் மாவுக்கட்டில் ஏதோ எழுதியிருப்பதுபோல அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அடப்பாவி. இங்க வர்றத எங்கிட்ட சொல்லல, என் விஷயத்த இங்க சொல்லல. ரெண்டு பக்கமும் மூடி போட்டு வச்சிருக்கியே, நீ ஆளா குக்கரா?" பிறகு அவனிடம் சாதாரணமாகச் சொன்னாள். "நான் கல்யாணம் பண்ணிக்கப்போறேன். வேலைய அந்த ஊருக்கே மாத்தி வாங்கிட்டேன்."

அவன் தலையசைத்தான். கையிலிருந்த திருப்புளி திருகின் மேலேயே இருந்தது.

"முள்ளு எங்க நிக்குது?" என்று கேட்டான்.

அவள் பார்த்துச் சொன்னாள். அவன் தட்டை ஒரு மயிரிழை நகர்த்தி இறுக்கினான்.

"என்ன பண்றாரு?"

"மாட்டு டாக்டர்."

"பைக் ஓட்டுவாரா?"

"சைக்கிளே ததிங்கிணத்தோம்."

முதலில் சிரித்தது குட்டி. அப்புறம் மூவருமே சிரித்தார்கள். ஆனால் அவனுடைய சிரிப்பு மற்ற இருவருக்கும் முன்னாலேயே நின்றுவிட்டது. கையைத் துடைக்கத் துணியைத் தேடினான். அது தோளிலேயே கிடந்தது.

செயின் சொன்னபடி வரவில்லை. இரண்டு வாரம் தள்ளித்தான் வந்தது. அன்றைக்கு அவளும் இருந்தாள். அவன் பூட்ஸ் மாட்டிக்கொண்டு உதைத்தான். இரண்டாவது உதையில் என்ஜின் பிடித்துக்கொண்டது. தகரக் கூரை அதிர்ந்தது. நீலப்புகை ஷெட்டை நிறைத்து, மதிலைத் தாண்டிப் போனது. பக்கத்து வீட்டு ஜன்னல்கள் ஒவ்வொன்றாகப் படபடவென்று சாத்திக்கொண்டன. குட்டி ஊன்றுகோலைத் தூக்கிக் கத்தினான். என்ன கத்தினான் என்று யாருக்கும் கேட்கவில்லை.

வண்டியை வெளியே தள்ளிக்கொண்டு வந்தார்கள். தெருமுனையில் யாரும் கட்டாமல் விட்ட பெரிய மனை. மேடும் பள்ளமுமாகக் கிடந்தது. முதலில் யார் ஓட்டுவது என்று அவனும் குட்டியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஓட்ட வேண்டியவன் ஊன்றுகோலில் நிற்கிறான். அவனை நிறுத்தி வைத்துவிட்டு மற்றவன் ஏறுவது சரியாகப் படவில்லை.

"அந்த பூட்ஸைக் கழட்டுங்க" என்றாள் அவள்.

"உனக்கு ஓட்டத் தெரியுமா?" இந்த முறை நீ என்றே வந்துவிட்டது.

"என் முதல் போஸ்டிங் மலை மேல. ரோடு கிடையாது. தினம் எப்படிப் போனேன்னு நெனச்சீங்க?"

அந்த மலையைப் பற்றி அவள் அவனிடம் பலமுறை பேசியிருக்கிறாள். பனி, அட்டை, கதவில்லாத ஆபீஸ் எல்லாம் அவனுக்கு நினைவிருந்தது. எப்படிப் போனாள் என்று கேட்டதில்லை.

பூட்ஸ் அவளுக்குப் பெரிது. கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டாள். கிளட்ச்சை ஒருமுறை அமுக்கிப் பார்த்தாள். அதற்கப்புறம் அவர்கள் கண்டது அவள் முதுகைத்தான். சீட்டில் உட்காரவே இல்லை. ஃபுட்ரெஸ்டில் எழுந்து நின்றபடி மேடுகளில் ஏறி, பள்ளத்தில் இறங்கி, தூர மூலையில் பின்சக்கரத்தைச் சறுக்கவிட்டுத் திருப்பினாள். புது ஃபோர்க் குலுக்கல் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டது. மூன்று சுற்று வந்து, டிஸ்க் பிரேக்கை அழுத்தி அவர்கள் முன்னால் நிறுத்தினாள்.

"வேகத்துல நல்லா இழுக்குது. மெதுவாப் போனாதான் கொஞ்சம் திக்குது" என்றாள். "கார்புரேட்டரைப் பாருங்க."

"சரி" என்றான் அவன்.

மறுநாள் கடையில் அவன் ஒரு வாடிக்கையாளரின் வலது கண்ணுக்கான லென்ஸை இடது பக்கத்துக்கு வெட்டிவிட்டான். அந்த வேலைக்கு வந்ததிலிருந்து அப்படி நடந்ததில்லை. முதலாளி, "உடம்புக்கு என்ன?" என்றார். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு, புது லென்ஸ் எடுத்து வெட்டினான். மத்தியானம் சாப்பிடாமல் கடைவாசலில் நின்றுவிட்டு உள்ளே போனான்.

அவள் கல்யாணம் பதிவு அலுவலகத்தில் முடிந்தது. அவன் போகவில்லை, அவளும் கூப்பிடவில்லை. குட்டி போய்விட்டு வந்து, கேட்காமலேயே எல்லாவற்றையும் சொன்னான். அவன் கார்புரேட்டர் ஜெட்டின் துளையை ஊதிக்கொண்டே கேட்டுக்கொண்டான்.

கால் சரியானதும் ஞாயிறுதோறும் வண்டியை வேனில் ஏற்றிக்கொண்டு, ஊருக்கு வெளியே மூடிக் கிடந்த கல் குவாரிக்குப் போனார்கள். குட்டி நன்றாக ஓட்டினான், அடிக்கடி விழுந்தான். அவன் நிதானமாக ஓட்டினான், எப்போதாவது விழுந்தான்.

மழை விட்டிருந்த ஒரு ஞாயிறு, வேனிலிருந்து இன்னொரு ஆள் இறங்கினார். ஒல்லி, சேற்றுக்குப் பயப்படாத செருப்பு. அக்காவும் அவரும் லீவுக்கு வந்திருப்பதாகவும், அவர் வண்டியைப் பார்க்க ஆசைப்பட்டதாகவும் குட்டி சொன்னான். யார் யாருக்கு என்ன உறவு என்று சொல்ல ஒரு வார்த்தையும் இல்லாததால் இருவரும் கையைக் குலுக்கிக்கொண்டார்கள்.

"மச்சான், அந்த கேனை எடுங்க" என்றான் குட்டி.

இருவரும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள். கேன் அருகில் நின்றவர் மாட்டு டாக்டர். எடுத்துக் கொடுத்தார்.

"இதுல எண்ணெயைக் கலந்து ஊத்தணுமாமே?" என்றார். "எவ்வளவு?"

அவன் கேனை வாங்கி, அளவுக் குப்பியைத் திறந்து அவர் கையில் கொடுத்தான். "இந்தக் கோடு வரைக்கும். ஊத்திட்டு நல்லா குலுக்குங்க" என்றான்.