அன்னபோஸ்ட் பிரசிடென்ட்

ஆரம்பாக்கத்துக்கு மேற்கே இருக்கும் அந்த ஊரில் ஆதிநாராயணனை எதிர்த்து யாரும் தேர்தலில் நின்றதே கிடையாது. வெள்ளைக்காரன் காலத்திலேயே பஞ்சாயத்து பிரசிடென்ட் ஆனவர். சுதந்திரம் வந்து பத்து வருஷம் ஓடியும் நாற்காலியில் அவர்தான். எப்போதும் அன்னபோஸ்ட், போட்டியே இல்லாமல்.

அதற்கு ஒரு வழக்கம் வைத்திருந்தார். மனு கொடுப்பதற்கு முந்தின வெள்ளிக்கிழமை அம்மன் கோயில் வாசலில் ஊரைக் கூட்டுவார். எந்தத் தெருக்காரன் எதிர்த்து நிற்கத் துணிகிறானோ, அந்தத் தெருவுக்கு ஒரு வேலை செய்து தருவதாகக் கற்பூரம் அணைத்துச் சத்தியம் பண்ணுவார். நிற்கமாட்டேன் என்று அவனும் அணைக்க வேண்டும். மேலத்தெருவுக்கு மதகு வந்தது இப்படித்தான். மதகில் யார் பெயர் இருக்கிறது என்று கேட்காதீர்கள்.

கடைசியாகத் துணிந்தவன் கீழ்த்தெரு முனுசாமி. கோடையில் அந்தத் தெருப் பெண்கள் வறண்ட ஏரியில் ஊற்றுத் தோண்டி, கொட்டாங்கச்சியால் மொண்டுதான் குடம் நிரப்புவார்கள். பிரசிடென்ட் "கிணறு" என்றதும் முனுசாமியின் கையைப் பிடித்துக் கற்பூரத்தின் மேல் வைத்தவள் அவன் பெண்டாட்டி கங்கம்மாதான். தெருவே அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது.

கிணறும் வந்தது. தெருவை ஒட்டி வெட்டித் தருவேன் என்றார், பொய்யில்லை. தெருவை ஒட்டித்தானே அவருடைய கத்தரித் தோட்டம் இருந்தது! கிணறு வேலிக்கு உள்ளே. வேலி வாசலை மூடும் மூங்கில் படலில் பூட்டு. தண்ணீர் கேட்டால், "திறப்பு விழா ஆகட்டும்" என்றான் காவல்காரன். கத்தரிச் செடிகள் மட்டும் விழாவுக்குக் காத்திருக்கவில்லை.

"இன்னா கங்கம்மா, உன் கெணறு எப்டி கீது?" என்று எதிர்வீட்டு ஞானம்மா தினமும் விசாரித்தாள். "கத்திரிக்கா நல்லா காய்க்குதாமே!"

"எங்க ஊட்டுக்காரரு கைய நானே புடிச்சி நெருப்புல வெச்சேன்கா. அந்தாளு கை மட்டும் சுடலியே!"

"சத்தியம் பண்ட்டோம், இன்னா பண்றது?" என்று முனுசாமி பீடியைப் பற்றவைத்தான்.

விழாவுக்குத் திருவள்ளூரிலிருந்து ஆபீசர் ஜீப்பில் வந்து இறங்கினார். கீழ்த்தெருக்காரர்களை வேலிக்கு வெளியே நின்று கைதட்டச் சொல்லியிருந்தார்கள்.

"இவங்கல்லாம் என் புள்ளைங்க மாதிரி சார்," என்று ஆதிநாராயணன் குரல் தழுதழுக்கச் சொன்னார். "இவங்களுக்கோசரம் என் நெலத்தையே குட்த்துட்டேன்."

விழாவுக்காகப் படல் திறந்திருந்தது. கங்கம்மா குடத்தோடு விறுவிறுவென்று உள்ளே போனாள்.

"நெலத்த குட்த்துட்டீங்களா நைனா?"

ஆபீசர் எதிரில் இல்லை என்றா சொல்ல முடியும்? "குட்த்தாச்சிம்மா."

"அப்ப பூட்டு எதுக்கு?"

"மாடு பூந்துடுமேன்னு..."

"எங்க கெணத்த நாங்க பூட்டிக்கிறோம். சாவியக் குடுங்க."

"நியாயம்தானே, கொடுத்துவிடுங்கள்," என்றார் ஆபீசர்.

பிரசிடென்ட் இடுப்பைத் தடவினார். சாவி அங்கேதான் தொங்கிக்கொண்டிருந்தது என்று எல்லாருக்கும் தெரியும். "ஊட்ல கீது. சாயங்காலம் அனுப்புறேன்."

"சாவி வர்ற வரைக்கும் படல் எங்க ஊட்ல இருக்கட்டும். அக்கா, ஒரு கை புடி!"

ஞானம்மா ஓடி வந்தாள். இருவரும் படலைப் பிடுங்கித் தலையில் வைத்துக்கொண்டு ஆபீசரைத் தாண்டியே நடந்தார்கள். பின்னாலிருந்த பெண்கள் குடங்களோடு உள்ளே நுழைந்தார்கள்.

இரண்டாம் நாளே மாடுகள் புகுந்து கத்தரியை மேய்ந்துவிட்டன. படலைத் திருப்பிக் கேட்கக் காவல்காரன் வந்தான்.

"சாவி கொணாந்தியா?" என்றாள் கங்கம்மா.

அவன் வெறுங்கையை விரித்துக் காட்டினான்.

"கொணாரச் சொல்லு உங்க நைனாவ. அவரே கொணாரணும்," என்று சொல்லிவிட்டுக் கிணற்றடிக்குப் போனாள்.