வாத்தியார் நிறுத்திவைத்த ஊர்

கொரியாவின் போஹாங் துறைமுகத்தை ஒட்டிய வட்டாரத்தில் கும்ரானுக்குத் திரைச்சீலைக் கடை. வியாபாரம் சுமார்தான். ஆனால் அவள் நாக்கு ஊர் முழுக்கப் பிரசித்தம். வட்டாரத்துக் குடும்பங்கள் கூடிப் பேசும் இணைய மன்றத்துக்கு அவள்தான் நிர்வாகி. காணாமல்போன பூனை, மேல்வீட்டுப் பிள்ளைகள் போடும் தொம்தொம் சத்தம், குப்பைப் பைத் தகராறு, எல்லாம் அங்கேதான் வரும். எழுத்துப் பிழையோடு வந்தால் அவளுக்கு உடம்பெல்லாம் எரியும். "எந்த எழுத்து எங்க வரும்னே தெரியாதவன் எல்லாம் கைபேசி வாங்கிட்டான்" என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் புலம்புவாள்.

அவளுக்கு வாய்த்த பெரிய தலைவலி தால்சு. கணவாய் மீனைக் கயிற்றில் தொங்கவிட்டுக் காயவைத்து விற்கிற மனிதர். அவர் ஒரு வரி எழுதினால் அதில் நாலு பிழை இருக்கும். திருத்தினால் சிரிப்பார்.

"வாத்தியாரம்மா, கணவாய்க்கு உடம்பெல்லாம் மை, எழுதத்தான் வராது. நானும் அந்த வம்சம்தான்" என்றார் ஒருமுறை, கடை வாசலிலேயே.

"அப்ப நீங்களும் கயித்துல போய்த் தொங்குங்க" என்றாள் கும்ரான்.

சொன்னதோடு நின்றாளா? கணினி தெரிந்த ஒருவரைப் பிடித்து மன்றத்தில் ஒரு காவல் வைத்துவிட்டாள். யார் என்ன எழுதினாலும் அது முதலில் படித்துப் பார்க்கும். பிழை கண்டால், "பதிவில் பிழை உள்ளது. திருத்தி அனுப்பவும்" என்று முகத்தில் அடித்தாற்போல் திருப்பிவிடும். திரும்பிய பதிவெல்லாம் ஒரு பெட்டியில் சேரும். அந்தப் பெட்டியைத் திறக்க அவளால் மட்டுமே முடியும். ஜனங்கள் அதற்கு 'வாத்தியார்' என்று பெயர் வைத்துத் திட்டினார்கள். மன்றம் துடைத்துவிட்டது போல் சுத்தமானது. கும்ரானுக்குப் பெருமை பிடிபடவில்லை.

இலையுதிர்காலத்தில் ஒரு மதியம் நிலம் ஆடியது. ஆட்டம் என்றால் சும்மா ஆட்டமில்லை. தரை யாரோ உதறிய பாய் மாதிரி எழுந்து விழுந்தது. திரைச்சீலைக் கம்பிகள் சரிந்து கும்ரானின் கணுக்கால் மேல் விழுந்தன. ஆட்டம் நின்றதும் எழுந்திருக்கப் பார்த்தாள், முடியவில்லை. தவழ்ந்து வாசலுக்கு வந்தாள்.

அவள் மகள் நாரே ஓடைக்கு அந்தப்பக்கம், ஹேமாரு குடியிருப்பின் மூன்றாவது கட்டடத்தில் இருந்தாள். நிறைமாத கர்ப்பிணி. மருமகன் வேலைக்குப் போயிருப்பான், வீட்டில் தனி. கும்ரான் திரும்பத் திரும்ப எண்ணைப் போட்டாள். மணியே அடிக்கவில்லை. ஊரே ஒரே நேரத்தில் போனைத் தூக்கியிருந்தது. இணையம் மட்டும் உயிரோடு இருந்தது.

மன்றத்தைத் திறந்தாள். அங்கே ஒன்றுமே இல்லை. காலையில் யாரோ போட்ட சீமைப்பனிச்சம் பழ விளம்பரம்தான் கடைசி. இவ்வளவு பெரிய ஆட்டத்துக்குப் பிறகு ஒரு ஜீவன் கூட ஒரு வார்த்தை எழுதவில்லையா? எல்லோரும் செத்துப்போனார்களா?

மகளைப் பார்த்துச் சொல்லும்படி அவளே எழுதினாள். பதிவில் பிழை உள்ளது. திருத்தி அனுப்பவும். அவசரத்தில் எழுத்துகள் தப்பித் தப்பி விழ, மறுபடி எழுதினாள். திருத்தி அனுப்பவும்.

"அடப்பாவி, உன்னை வச்சதே நான்தான்டா!" என்று கைபேசியைப் பார்த்துக் கத்தினாள்.

கத்திய வாய் அப்படியே நின்றது. தனக்கே இந்தக் கதி என்றால் மற்றவர்களுக்கு? பெட்டியைத் திறந்தாள்.

அம்மாடி! ஊர் முழுக்க அங்கேதான் இருந்தது.

'வீடு ஆடுத்து யாரவது இருகீங்கலா'. 'அம்ம போன எடு'. 'மேல் வீட்டு தாத்த வெலிய வந்துடாரா'. 'கேஸ் வாசன வருது தீகுச்சி கிலிக்காதீங்க'. 'பல்லிக்கூட மைதனத்துக்கு வாங்க இடம் இருகு'. கண் ஒன்றைப் படிப்பதற்குள் பத்து வந்து விழுந்தன. வக்கீல், மருந்துக்கடைக்காரி, பள்ளித் தலைமையாசிரியர், ஒரு நாளும் பிழை விடாதவர்கள் எல்லோரும் தப்புத்தப்பாக எழுதியிருந்தார்கள். நிலம் ஆடிய ஆட்டம் அந்த எழுத்துகளுக்குள் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. எவர் ஓடிக்கொண்டே எழுதினார், எவர் மேசைக்கடியில் கிடந்து எழுதினார், எவர் அழுதுகொண்டு எழுதினார் என்று அவளால் சொல்ல முடிந்தது. ஒரு வரி கூட நேராக இல்லை. புரியாத வரி ஒன்று கூட இல்லை. தன் ஊரை இத்தனை வருஷத்தில் இவ்வளவு பக்கத்தில் அவள் பார்த்ததே இல்லை.

நடுவில் தால்சுவின் பெயர் வந்தது, ஒன்றன்பின் ஒன்றாக.

'ஹேமாரு மூனாவது கட்டடம் லிப்ட்டு நின்னுபோச்சு. உல்ல மாசமா இருக்க பொன்னு. வலி வந்துருச்சு'. அதற்குக் கீழே, 'கதவு இடுக்குல கைய குடுத்து புடிசிருகேன், விட்டா மூடிரும் காத்து போகாது. யாரவது வாங்க'. கடைசியில், 'வாத்தியரே கால்ல விலுரேன் விடுங்க'.

மூன்றாவது கட்டடம். நாரே.

கும்ரான் வாத்தியாரை அணைத்தாள். பெட்டியில் இருந்ததை எல்லாம் ஒரே தட்டில் திறந்துவிட்டாள். மன்றம் மடை உடைந்த மாதிரி நிரம்பியது. தால்சுவின் வரிக்குக் கீழே உடனே ஒரு பதில். 'வறேன்'. அடுத்தது. 'எங்கிட்ட கடப்பாரை இருகு வறேன்'. 'நா நர்ஸ் நாலாவது கட்டடம் படில எறங்கிட்டேன்'. 'அன்னே விட்றாதீங்க வன்துட்டோம்'. வந்துகொண்டே இருந்தன. உடைந்த வீதியில் உட்கார்ந்து, நகர முடியாத காலோடு, முகம் தெரியாத இத்தனை பேர் தன் பெண்ணை நோக்கி ஓடுவதைக் கும்ரான் படித்துக்கொண்டிருந்தாள். "சாமி, சாமி" என்பதைத் தவிர அவள் வாயில் வேறொன்றும் வரவில்லை.

பொழுது சாயும் முன் நாரேவை வெளியே எடுத்து மருத்துவமனையில் சேர்த்துவிட்டார்கள். பெண் குழந்தை. இரண்டு உயிரும் பத்திரம். யாரோ கும்ரானைக் காரில் ஏற்றிக் கொண்டுவந்து விட்டார்கள். பேத்தியைப் பார்த்துவிட்டு நொண்டிக்கொண்டு வெளியே வந்தாள். நடைவழி பெஞ்சில் தால்சு இருந்தார். இரண்டு கையிலும் பெரிய கட்டு.

"எப்படி இருக்காம்மா பொண்ணு?" என்று எழுந்தார்.

"நல்லாயிருக்கா. அண்ணே, உள்ள இருந்தது என் மக."

"அப்புறம்தான் சொன்னாங்க."

"நீங்க அனுப்பினது ஒவ்வொரு தடவையும் என் பெட்டியில வந்து நின்னுச்சு. நான் வச்ச காவல்தான் விடல. என்னை நாலு வார்த்தை திட்டிடுங்க."

தால்சு திட்டவில்லை. கிண்டலும் செய்யவில்லை. கட்டுப்போட்ட கைகளைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"ஒரு கை மாத்தி ஒரு கையால கதவைப் புடிச்சுக்கிட்டு, ஒவ்வொரு தடவையும் தப்பு எங்க இருக்குன்னு தேடினேன்மா. உள்ள அந்தப் பொண்ணு கத்துது. நான் தேடிக்கிட்டே இருக்கேன். கடைசி வரைக்கும் கண்டுபுடிக்கத் தெரியல."

கும்ரான் சுவரைப் பிடித்துக்கொண்டு, வாய்விட்டு அழுதாள்.