மூக்கன் நீட்டிய திராட்சை

என் மனைவிக்கு இன்னொருவன் உண்டு. ஊரறிந்த ரகசியம். கறுப்புக் கோட்டு, மஞ்சள் சட்டை, உடம்பில் பாதிக்கு மூக்கு. மிருகக்காட்சிசாலையில் அவள் பராமரிக்கும் டூக்கான் பறவை. மூக்கன் என்று பேர் வைத்ததும் அவள்தான்.

குஞ்சாக வந்தவனைக் கையால் ஊட்டி வளர்த்தாள். வளர்ந்ததும் அவன் அவளையே ஜோடியாக நினைத்துக்கொண்டான். காலையில் தட்டில் பப்பாளித் துண்டும் திராட்சையும் வைத்தால், நல்ல திராட்சையாகப் பொறுக்கி, அலகு நுனியில் பிடித்து வந்து அவளிடம் நீட்டுவான். அவள் வாங்கிக்கொண்ட பிறகுதான் சாப்பாட்டில் வாய் வைப்பான்.

"கட்டின நாள்லேருந்து எனக்கு ஒரு திராட்சை ஊட்டியிருக்கீங்களா?" என்பாள்.

"எனக்கு அவ்வளவு மூக்கு இல்லையே" என்பேன், தையல் மெஷினை மிதித்துக்கொண்டே. சிரிப்புத்தான். ஆனாலும் உள்ளே கொஞ்சம் எரியும்.

இந்த வருஷம் வேறொரு காட்சிசாலையிலிருந்து அவனுக்குப் பெண் வந்தாள். மூக்கன் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. என் மனைவி தலை தெரிந்தாலே கம்பி வலையில் வந்து ஒட்டிக்கொள்வான். விலங்கு டாக்டரம்மா கறாராகச் சொல்லிவிட்டார்: "இனிமே நீ அவன் கண்ணுல படக் கூடாது. மாசக் கடைசிக்குள்ள சேரலைன்னா பொண்ணைத் திருப்பி அனுப்பிடுவாங்க. அப்புறம் காலம் பூரா அவன் ஒத்தையாத்தான் கிடக்கணும்."

என் மனைவியை மான்கள் பக்கம் மாற்றினார்கள். வீட்டில் பேச்சே இல்லை. சமையலில் உப்பும் இல்லை.

மாசக் கடைசி ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. என் சட்டையும் தொப்பியும் போட்டுக்கொண்டு, டிக்கெட் எடுத்து என்னோடு உள்ளே வந்தாள். தூரத்தில் நின்று பார்ப்பதாகத்தான் பேச்சு. மூக்கன் அவள் நடையை வைத்தே கண்டுபிடித்துவிட்டான். பறந்து வந்து வலையில் தொற்றினான்.

அவள் சட்டென்று முதுகைத் திருப்பிக்கொண்டாள். "வாயில என்ன வச்சிருக்கான்?"

"திராட்சை."

"நான் திரும்ப மாட்டேன். நீங்க பார்த்துச் சொல்லுங்க."

அவன் அந்தத் திராட்சையை அவள் முதுகுக்கு நீட்டினான். நீட்டிக்கொண்டே இருந்தான். இத்தனை வருஷம் பொறாமைப்பட்ட எனக்கே, ஒரே ஒரு தடவை வாங்கிக்கயேன் என்று சொல்ல வாய்வரை வந்துவிட்டது. அவள் என் கையை நெரித்துக்கொண்டு நின்றாள்.

அப்போது அந்தப் பெண் பறவை கிளை கிளையாகத் தாவி வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். கேட்காமல் கொள்ளாமல் அலகை நீட்டிப் பழத்தைப் பிடுங்கி, தலையைப் பின்னால் சாய்த்து விழுங்கினாள்.

"பிடுங்கிட்டா" என்றேன்.

"அவன் கொத்தினானா?"

"இல்ல. விட்டுட்டான். அவளையே பாக்கறான்."

தலையாட்டினாள். கன்னமெல்லாம் ஈரம். "போலாம்" என்று நடந்தாள். கொஞ்ச தூரம் போனதும் பின்னாலிருந்து மூக்கனின் குரல், தவளை கத்துவது போல. அவள் கால் நின்றது.

"என்னை இல்ல" என்றாள் திரும்பாமலே. "அவளைத்தான் கூப்பிடறான்."

திரும்பிப் பார்த்து, அது சரிதானா என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.