அண்ணன் நம்பர்

என் தங்கையின் புருஷன் அவள் போனைச் சுவரில் அடித்து உடைத்தபோது, அதிலிருந்த படங்களும் அதோடு ஒழிந்தன என்று நினைத்துக்கொண்டான். எடுத்த படம் எடுத்த கையோடு கிளவுடுக்குப் போய் உட்கார்ந்துகொள்ளும் என்பது அந்த மகானுக்குத் தெரியவில்லை. உண்மையைச் சொன்னால் இவளுக்கும் தெரியாது. மகள் சுண்டுவைக் கையில் பிடித்துக்கொண்டு, மாற்றுத் துணிகூட இல்லாமல் என் அறைக்கு வந்து சேர்ந்தவளுக்கு என் பழைய போனைக் கொடுத்தேன். சிம் இல்லாத போன். பிள்ளைக்குப் பொம்மைப் படம் காட்டலாமென்று அதில் தன் கணக்கைப் போட்டுத் திறந்தாள். முதலில் வந்து நின்றது அவளுடைய வீங்கிய கண்தான்.

எல்லாம் இருந்தது. தோளில் பதிந்த விரல்கள், கட்டுப் போட்ட மணிக்கட்டு, உடைந்த கதவு. நடுநடுவே சுண்டு பிறந்த அன்று எடுத்த படங்கள், அவள் முதல் பல். கூடவே ஒரு ரெக்கார்டிங். பிள்ளையை மாடியிலிருந்து கீழே போட்டுவிடுவேன் என்று அவன் கத்துவதும், சுண்டு அழுவதும் அதில் தெளிவாகக் கேட்டது. நான் பாதியிலேயே நிறுத்திவிட்டேன். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவன் எதிரில் இருந்திருந்தால் ஜெயிலுக்குப் போயிருப்பேன்.

"இந்த ரெக்கார்டிங் போதும், பிள்ளை உங்ககிட்டதான்" என்றார் நாங்கள் போய்ப் பார்த்த வக்கீலம்மா. "ஆனா இது இல்லேன்னா, அவர் சொல்றது ஒரு பக்கம், நீங்க சொல்றது ஒரு பக்கம்னு ஆயிடும். அசல் தேதியோட அப்படியே இருக்கட்டும். நோட்டீஸ் போனப்புறம் நேர்ல வாங்க, என் கண் முன்னாடி திறந்து முறைப்படி காப்பி எடுத்துக்கலாம். அதுவரைக்கும் கணக்குக்கு ரெண்டாவது பூட்டு ஒண்ணு போட்டு வைங்க."

ரெண்டாவது பூட்டு என்றால் பெரிய வித்தை ஒன்றுமில்லை. பாஸ்வேர்டு சரியாகப் போட்டாலும் கதவு திறக்காது. நாம் கொடுத்த நம்பருக்கு ஒரு கோட் வரும், அதையும் போட்டால்தான் உள்ளே விடும். வேலை முடிந்து வந்து, கை கால் கழுவி, தங்கையைப் பக்கத்தில் உட்காரவைத்து அந்த வேலையில் இறங்கினேன்.

"முதல்ல பாஸ்வேர்ட மாத்துடி. என்ன வச்சிருக்க?"

"சுண்டு பேரு, அவ பொறந்த வருஷம்."

"சுத்தம்! வீதியில போறவனுக்குக்கூடத் தெரியும்."

"அதான் ரெண்டாவது பூட்டு போடறோமே அக்கா. புதுசா வச்சா எனக்கே மறந்துடும். இப்பல்லாம் அடுப்பு அணைச்சேனான்னே ஞாபகம் இருக்க மாட்டேங்குது."

அதற்கு மேல் அவளை அதட்ட எனக்கு மனசு வரவில்லை. சரி, தொலையட்டும் என்று விட்டேன்.

போன் நம்பர் கேட்டது. அவளுடைய பழைய சிம் புருஷன் பெயரில் வாங்கியது. புது சிம் வாங்க அடையாள அட்டை வேண்டும், அது அந்த வீட்டு அலமாரியில் இருக்கிறது. நான் ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் இருக்கிறேன். உள்ளே போகும்போதே போனை லாக்கரில் வைத்துப் பூட்டிவிட வேண்டும், சாயங்காலம் வரைக்கும் உலகம் அழிந்தாலும் எனக்குத் தெரியாது.

"அண்ணன் நம்பர் போடு" என்றாள் தங்கை. "அவன் குளிக்கறப்பகூட போன் கையிலதான் இருக்கும்."

எங்கள் வீட்டில் அது வழக்கம்தான். கேஸ் புக்கிங், வாடகை வீட்டுக்காரர், சுண்டுவின் பள்ளிக்கூடம், எதற்கும் அண்ணன் நம்பர். அப்பா போனதிலிருந்து அப்படித்தான். அவன் டெலிவரி வேன் ஓட்டுகிறான். எத்தனை மணிக்குக் கூப்பிட்டாலும் எடுப்பான். கோபமே வராது. யார் அழுதாலும் உடனே உருகிவிடுவான். எனக்கும் சேர்த்து எல்லாப் பொறுமையையும் ஆண்டவன் அவனிடம் கொடுத்துவிட்டான் என்று அம்மா சொல்வாள்.

நம்பரைப் போட்டோம். அவனைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் வைத்தேன்.

"வந்துருச்சு, வந்துருச்சு. இரு, கண்ணாடிய எடுத்துக்கறேன்" என்றான். எண்களை ஒவ்வொன்றாகப் படித்தான். "கீழ ஒண்ணு போட்டிருக்கான். இந்தக் கோட் நம்பர யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு. உங்கிட்ட சொல்லலாம்ல?"

தங்கை சிரித்தாள். என் அறைக்கு வந்தபிறகு அவள் சிரித்தது அப்போதுதான். 'உங்கள் கணக்கு இப்போது பாதுகாப்பாக உள்ளது' என்று திரையில் வந்தது. அன்று நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

அவள் புருஷனுக்கு நோட்டீஸ் போயிற்று. படங்களும் குரல் பதிவும் ஆதாரமாக இருப்பதாக அதில் எழுதியிருந்தது. அடுத்த வாரம் வக்கீலம்மா வரச்சொன்ன அன்று நான் லீவு போட்டேன். சுண்டுவைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு மூன்று பேருமாக அண்ணன் வேனில் போனோம். வழியெல்லாம் அவன் வாயே திறக்கவில்லை. வண்டி ஓட்டும்போது பாட்டுப் பாடாமல் அவனால் இருக்க முடியாது, அன்று ரேடியோவைக்கூடப் போடவில்லை. வேலையை விட்டுவிட்டு வந்த கவலை என்று நினைத்தேன்.

வக்கீலம்மாவின் ஆபீஸ் மருந்துக்கடைக்கு மேலே, குறுகலான படி ஏறிப் போக வேண்டும். நாற்காலியில் உட்காரும்போதே அண்ணனுக்குப் போன் வந்தது. வெளியே வராந்தாவுக்குப் போய்ப் பேசிவிட்டு வந்தான். "ஆபீஸ்லேர்ந்து" என்றான். யாரும் கேட்கவில்லை, அவனாகவே சொன்னான்.

வக்கீலம்மா தன் கம்ப்யூட்டரில் கணக்கைத் திறந்தார். பாஸ்வேர்டு போட்டாள் தங்கை. அண்ணன் போன் சிணுங்கியது. வந்த கோட் எண்ணைச் சொன்னான். உள்ளே விட்டது.

ஒன்றுமில்லை. படம் இருந்த இடத்தில் வெள்ளையாக ஒரு பக்கம் மட்டும் இருந்தது. குப்பைத் தொட்டியைத் திறந்தார் வக்கீலம்மா. அதுவும் காலி. சுண்டுவின் முதல் பல்கூட இல்லை.

"அக்கா, தப்பான கணக்கோ?" என்றாள் தங்கை.

வக்கீலம்மா எதையோ தட்டிப் பார்த்துவிட்டு, "நேத்து வேற ஒரு கம்ப்யூட்டர்லேர்ந்து உள்ள வந்திருக்காங்க" என்றார். "பாஸ்வேர்டு, கோட் ரெண்டுமே சரியா போட்டிருக்காங்க. கோட் யாருக்கு வரும்?"

நான் திரும்பினேன். அண்ணன் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மாப்ள கூப்டாரு" என்றான். "கோட் என் நம்பருக்குத்தான் வருதுன்னு அவருக்கே தெரிஞ்சிருக்கு. கடைசி ரெண்டு எண்ணு ஸ்க்ரீன்ல காட்டுதாமே. பாப்பா படத்த ஒருதடவ பாத்துக்கறேன் மச்சான்னு ஓன்னு அழுதாரு. ஒரு ஆம்பள அப்படி அழுது நான் பாத்ததில்ல. பெத்த அப்பன்தானேன்னு..."

"குடுத்துட்டியா?"

"ஒரே ஒரு நம்பர்தானேன்னு நினைச்சேன். அழிப்பாருன்னு நான் என்னத்தக் கண்டேன்? கோர்ட்டு, கேஸுன்னு போனா குடும்பம் ஒட்டுமா? பேசித் தீத்துக்கலாம்னுதான்..."

"நாசமாப் போறவனே!" என்று நான் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் விழுந்தது. அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினேன். அவன் தடுக்கவே இல்லை. வக்கீலம்மா என்னை விலக்க வந்தார்.

தங்கை மட்டும் உட்கார்ந்த இடத்தை விட்டு அசையவில்லை. குரலை உயர்த்தாமல் கேட்டாள்.

"அண்ணா, இப்ப வெளிய போய் யார்கிட்ட பேசின?"

அவன் போனைச் சட்டைப் பைக்குள் தள்ளினான்.

"பள்ளிக்கூடத்துலயும் உன் நம்பர்தான் குடுத்திருக்கோம்."

"அவங்க ஒழுங்காதான் கேட்டாங்க" என்றான் அண்ணன். "பாப்பாவோட அப்பா வந்திருக்காரு, அனுப்பலாமான்னு. சாயங்காலம் கொண்டுவந்து விட்டுடறேன்னு எனக்குச் சத்தியம் பண்ணியிருந்தாருமா. ஐஸ்கிரீம் வாங்கிக் குடுத்துட்டு..."

அடப்பாவி என்று நெஞ்சில் அடித்துக்கொண்டது நான்தான். தங்கை எழுந்து அவன் முன்னால் போய்க் கையை நீட்டினாள். அவன் போனைக் கொடுத்தான். எந்த நம்பரிலிருந்து கூப்பிட்டால் அவள் புருஷன் எடுப்பான் என்று அவளுக்குத் தெரியும். அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டாள்.

முதல் மணியிலேயே எடுத்தான்.

"சொல்லுங்க மச்சான்" என்றான் உற்சாகமாக. பின்னால் பஸ் இரைச்சல் கேட்டது. "ரொம்ப நன்றி மச்சான். உங்கள மாதிரி ஒரு மனுஷன் கிடைக்க மாட்டான். பஸ் ஏறியாச்சு, இன்னும் கொஞ்ச நேரத்துல ஊரத் தாண்டிடுவோம். இனிமே அவ கோர்ட்டுக்குப் போகட்டும், எங்க வேணா போகட்டும். அவகிட்ட என்ன இருக்கு காட்ட?"

தங்கை போனை இறுகப் பிடித்துக்கொண்டாள். மூச்சு விட்டால்கூட அவன் வைத்துவிடுவான் என்று பயந்து நின்றாள்.

"அப்பா, மாமாவா? குடுங்க, குடுங்க" என்று சுண்டுவின் குரல் கேட்டது. போனைப் பிடுங்கியிருக்க வேண்டும், குரல் பெரிதாக வந்தது. "மாமா, நீங்கதான் அனுப்பச் சொன்னீங்கன்னு மிஸ் சொன்னாங்க. அம்மாவும் வருவாங்கல்ல?"

"சுண்டு" என்றாள் தங்கை.

அந்தப் பக்கம் இணைப்பு அறுந்தது.

மறுபடி போட்டோம். ஸ்விட்ச் ஆஃப் என்றது. வக்கீலம்மா தன் போனை எடுத்துப் போலீசுக்கு அடித்தார். பேர், வயது, என்ன உடுப்பு என்று அவர் கேட்கக் கேட்கத் தங்கை சொல்லிக்கொண்டு வந்தாள். நீல உடுப்பு, இடது கையில் வளையல், முன்பல் ஒன்று விழுந்திருக்கிறது. சமீபத்தில் எடுத்த படம் ஒன்று வேண்டும் என்றார்கள்.

அவள் கம்ப்யூட்டரைத் திரும்பிப் பார்த்தாள். அந்த வெள்ளைப் பக்கம் அப்படியே திறந்திருந்தது.