தனி ஆள் இருவர்

சாத்தம் படகு ஜெட்டிக்குப் பக்கத்தில் தார்ப்பாய் கட்டிப் படுத்திருந்த பதினோரு பேர் மீது அரசாங்கத்துக்குத் திடீரென்று பாசம் பொங்கிவிட்டது. ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். பொது இடத்தில் ஒருவரும் படுக்கக் கூடாது, படுப்பவரைக் காப்பகத்தில் சேர்க்க வேண்டும் என்று புது விதி வந்தது. கணக்கெடுக்க ஆட்களும் வந்தார்கள்.

அந்தப் பதினோரு பேரில் இருவர் இந்திராணியும் அவள் புருஷன் காத்தமுத்துவும். முகாம் விஷயத்தில் காத்தமுத்துவுக்கு யாரும் பாடம் எடுக்க முடியாது. கட்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். சுனாமிக்குப் பிறகு வருஷக்கணக்கில் தகரக் கொட்டகை முகாம். அங்கே குடும்பமாகப் பெயர் கொடுத்தவனுக்கு ஒரு தார்ப்பாய். புருஷனும் பெண்டாட்டியும் தனித்தனியாகக் கொடுத்த புத்திசாலிக்கு இரண்டு. குடும்பம் என்று உண்மையைச் சொல்லி ஏமாந்த வயிற்றெரிச்சல் அவருக்கு இன்றுவரை ஆறவில்லை. போன வருஷம் வாதம் வந்து வலது கை விழுந்தது. வைத்தியத்துக்கென்று இந்த ஊருக்கு வந்தவர்கள், போக இடமில்லாமல் ஜெட்டியோரம் தங்கிவிட்டார்கள். கைதான் விழுந்ததே ஒழிய, வாய் விழவில்லை.

"நீ தனி, நான் தனின்னு எழுதச் சொல்லு. ரெண்டு ரூம் கெடைக்கும். ஒண்ணுல சாமான் வச்சுக்கலாம்."

"என்ன சாமானுங்க? ரெண்டு சட்டியும் ஒரு பாயும்தான இருக்கு" என்று கேட்டாள் இந்திராணி. கேட்டவள், அவர் சொன்னபடியே எழுதவும் சொன்னாள். புத்தி எங்கே போயிருந்ததோ!

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு. ஒன்பதாம் நாள் வேன் வந்தது. தனி ஆண்களுக்குச் சாத்தத்தில் காப்பகம். தனிப் பெண்களுக்குக் கடலுக்கு அக்கரையில், பாம்பூஃப்ளாட்டில். அவரை வேனில் ஏற்றினார்கள், அவளை ஃபெர்ரியில் ஏற்றினார்கள்.

படுக்கிற இடம் பற்றி அவளுக்குக் கவலையில்லை. சோறு பற்றித்தான். கை விழுந்ததிலிருந்து அவள்தான் ஊட்டுகிறாள். இடது கையால் சாப்பிட மாட்டார், வேறு யார் ஊட்டினாலும் வாயைத் திறக்க மாட்டார். படுக்க ஓட்டைத் தார்ப்பாய், ரோஷம் மட்டும் ஜமீன்தார் ரோஷம்.

மறுநாள் விடிந்ததும் முதல் ஃபெர்ரியைப் பிடித்து வந்து ஆண்கள் காப்பக வாசலில் நின்றாள். மேற்பார்வையாளன் மார்ட்டின் பதிவேட்டைப் புரட்டினான்.

"ரிஷ்தேதார் மட்டும்தான் உள்ள போலாம் ஆண்ட்டி. சொந்தக்காரங்க."

"நான் அவரு சம்சாரம் தம்பி."

"அவரு தனி ஆளுன்னு இருக்கே. நீங்களும் தனி ஆளு. கல்யாணம் ஆன காகஸ், பேப்பர் ஏதாவது இருக்கா?"

"தோட்டத்து மாரியம்மன் கோயில்ல கட்டுன தாலி. அந்தக் கோயிலே கடல்ல போயிருச்சே தம்பி."

"அப்போ ஆபீஸ்ல மனு குடுங்க. மூணு மாசத்துல பரிசீலிப்பாங்க" என்றான் மார்ட்டின். பிறகு குரலைத் தாழ்த்தி, "நேத்துலருந்து பெரியவர் ஒரு வாய்கூடச் சாப்பிடல" என்றான்.

அவள் கேட் கம்பி வழியே பார்த்தாள். வராந்தாவில் தட்டு முன்னால் உட்கார்ந்திருந்தவர், அவளைக் கண்டதும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அழுகிறார் என்று அவளுக்குத் தெரிந்தது.

அந்த நேரம் பார்த்து ஒரு கார் வந்து நின்றது. அண்டா நிறையப் பொங்கலோடு ஒரு குடும்பம் இறங்கியது. "ஆயியே, ஆயியே" என்று வரவேற்று மார்ட்டின் கேட்டை அகலத் திறந்தான். உள்ளே போய்ப் பரிமாறினார்கள், போட்டோ எடுத்தார்கள்.

"இவங்க உள்ள இருக்கிறவங்களுக்கு என்ன சொந்தம்?" என்று கேட்டாள் இந்திராணி.

"தானம் பண்ண வந்தவங்க ஆண்ட்டி. அதுக்கு ரூல் வேற."

அடேயப்பா, என்ன சட்டம்! ஊரார் ஊட்டலாம், கட்டினவள் ஊட்டக் கூடாது. அவள் விறுவிறுவென்று ஜெட்டிக் கடைக்குப் போய் நான்கு இட்லி வாங்கி வந்தாள்.

"நானும் தானம் பண்ணத்தான் வந்திருக்கேன் தம்பி. எழுதிக்க."

மார்ட்டின் பொட்டலத்தைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். தானப் பதிவேட்டை எடுத்தான்.

"எதுக்காகத் தானம்னு போடணும். திதியா, பொறந்தநாளா, கல்யாண நாளா?"

"கல்யாண நாளு."

"யாருக்கு?"

"எனக்கும், அந்தா உக்காந்திருக்காரே, அவருக்கும்."

எழுதி, முத்திரை குத்தி, கேட்டைத் திறந்தான்.

"நாளைக்கு வந்தா என்னன்னு எழுதட்டும் ஆண்ட்டி?"

"நாளைக்கும் கல்யாண நாளுதான்" என்று சொல்லிவிட்டு, கையைக் கழுவக் குழாயைத் தேடிப் போனாள் இந்திராணி.